பத்து மணிக்கு மங்கும் வியாழன்

கேள்வி: தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை நான். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பள்ளிக்கு எட்டு அங்குல ஷ்மிட்-காஸக்ரெய்ன் தொலைநோக்கி ஒன்று வாங்கிக் கொடுத்தார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கும் ஊர்க்காரர்களுக்கும் வானம் காட்டுகிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து ஒரே தொல்லை. எட்டரை மணிக்குப் பட்டைகளோடு தெளிவாகத் தெரிகிற வியாழன், பத்து மணிக்குள் கலங்கி வெளுத்துவிடுகிறது. பார்த்தால் முன்கண்ணாடி முழுக்கப் பனி. துப்பட்டாவால் துடைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி வந்துவிட்டது. இப்போது கண்ணாடியில் வட்ட வட்டமாகத் திட்டுகள் தெரிகின்றன. கண்ணாடி கெட்டுவிட்டதா? ஹேர் டிரையர் பயன்படுத்தலாமா? ஹீட்டர் பட்டை என்று ஒன்று விற்கிறார்கள், அந்த விலை பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. வேறு வழி உண்டா?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

கண்ணாடி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் சொல்லும் வட்டத் திட்டுகள், பனித்துளி காய்ந்தபோது அதிலிருந்த தூசி படிந்த கறையாகத்தான் இருக்கும். அதை எடுக்கும் முறையைக் கீழே சொல்கிறேன். ஆனால் இன்றிலிருந்து ஒன்றை மட்டும் நிறுத்திவிடுங்கள். பனி படிந்த கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது. துப்பட்டா, கைக்குட்டை, கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணி எதுவும் வேண்டாம். மைதானத்தில் இரண்டு மணி நேரம் திறந்திருந்த கண்ணாடியின் மேல் நுண்ணிய மண் துகள் இருக்கும். உங்கள் பக்கத்துச் செம்மண்ணில் குவார்ட்ஸ் கலந்திருக்கிறது, அது கண்ணாடியைக் கீறும். ஈரத்தோடு சேர்த்துத் தேய்க்கும்போது கண்ணாடி மேலுள்ள மெல்லிய பூச்சில் கோடு விழும். தருமபுரியில் என் பட்டறைக்குச் சர்வே கருவிகளும் பைனாகுலர்களும் தொலைநோக்கிகளும் வருகின்றன. அவற்றில் நான் பார்க்கும் கீறல்களில் பாதிக்குமேல் அக்கறையோடு துடைத்தவர்கள் போட்டவை.

இனி, பனி ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள், நீங்கள் இயற்பியல் ஆசிரியை வேறு. பனி மேலேயிருந்து இறங்குவதில்லை. கண்ணாடியைச் சுற்றியிருக்கும் காற்றிலுள்ள நீராவிதான் கண்ணாடியின் மேல் துளியாகிறது. அது துளியாக வேண்டுமென்றால், கண்ணாடியின் வெப்பநிலை காற்றின் பனிப்புள்ளிக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே போக வேண்டும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். காற்று 17 டிகிரி இருக்கும், பனிப்புள்ளி 15 டிகிரி இருக்கும். கண்ணாடியும் காற்றளவு குளிர்ந்தால் 17-ல் அல்லவா நிற்க வேண்டும், ஏன் நனைகிறது? ஏனென்றால் கண்ணாடி காற்றளவோடு நிற்பதில்லை, அதைவிடக் கீழே போகிறது. மேகமில்லாத இரவில் அது நேராக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்புகிறது, அந்த அளவுக்கு வானத்திலிருந்து திரும்பி வருவதில்லை. இந்தக் கணக்கில் தினமும் நஷ்டப்படுவது கண்ணாடிதான். கண்ணாடி அகச்சிவப்பை நன்றாக உமிழும் பொருள். உங்கள் தொலைநோக்கியின் முன்கண்ணாடி, அதாவது கரெக்டர் பிளேட், மெல்லியது, குழாயின் விளிம்பிலேயே இருக்கிறது. அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதுதான் குளிர்கிறது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்ட ஓர் எளிய வழி உண்டு. இரவு முழுக்க ஒரு பைக்கைத் திறந்தவெளியிலும் இன்னொன்றைப் புளியமரத்தடியிலும் நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் திறந்தவெளி பைக்கின் சீட்டைத் துடைக்காமல் உட்கார முடியாது. மரத்தடி சீட் காய்ந்தே இருக்கும். இரண்டைச் சுற்றியும் இருப்பது ஏறக்குறைய ஒரே காற்றுதான். மரத்தடி சீட்டுக்கு மேலே வானத்துக்குப் பதில் இலைகள் இருந்தன, இலைகள் வானத்தைவிட மிகவும் வெதுவெதுப்பானவை. வித்தியாசம் அவ்வளவுதான். மேகம் மூடிய இரவில் பனி பிடிக்காததற்கும் இதே காரணம்தான்.

இதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். லண்டனில் இருந்தவர், 1814-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். ஒரே எடையுள்ள கம்பளிப் பஞ்சுகளை இரவில் வெவ்வேறு இடங்களில் வைத்து, எது எவ்வளவு ஈரம் ஏற்றது என்று காலையில் நிறுத்துப் பார்த்தார். பலகையின் மேலே வைத்த பஞ்சு நிறைய நனைந்தது, அடியில் வைத்தது கொஞ்சமே நனைந்தது. உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் சோதனை இன்னொன்று. சுட்ட களிமண் குழாய் ஒன்றை இரு பக்கமும் திறந்தபடி புல்லில் நிறுத்தி, அதற்குள்ளே புல்லின் மேல் பஞ்சை வைத்தார். மேலே திறந்துதான் இருந்தது, ஆனாலும் அந்தப் பஞ்சு வெளியிலிருந்த பஞ்சைவிட மிகக் குறைவாகவே நனைந்தது. குழாயின் சுவர் பக்கவாட்டு வானத்தை மறைத்துவிட்டது. உங்கள் தொலைநோக்கிக்கு முதலில் வேண்டியது அந்தக் குழாய்தான்.

அதைப் பனிக்கவசம் என்று வைத்துக்கொள்வோம். கடையில் வாங்க வேண்டியதில்லை. யோகா செய்ய விற்கும் ஃபோம் பாய் ஒன்று போதும், ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் நல்லது. கவசத்தின் நீளம் தொலைநோக்கியின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை இருக்கலாம். உங்களுடையது 203 மில்லிமீட்டர், ஆகவே கண்ணாடிக்கு முன்னால் 30 முதல் 40 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குழாயைப் பிடித்துக்கொள்ள இன்னொரு பத்து சென்டிமீட்டர் சேர்த்து வெட்டுங்கள். குழாயின் வெளிச்சுற்றை நூல் வைத்து அளந்து, அதைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு, வெல்க்ரோ ஒட்டிச் சுருட்டினால் முடிந்தது. உள்பக்கம் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்க வேண்டும். நீலப் பாயோ ஊதாப் பாயோதான் கிடைக்கிறதென்றால், உள்ளே கறுப்பு வெல்வெட் துணி ஒட்டுங்கள். தெருவிளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் வந்து அடிப்பதும் இதோடு நிற்கும், அது தனி லாபம். சார்ட் அட்டையில் செய்யாதீர்கள். முதல் இரவிலேயே ஊறித் தொங்கி, படத்தின் ஓரத்தை மறைக்கும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் உங்கள் ஊரில் இந்தக் கவசமே போதும். மார்கழி, தை இரவுகளில் போதாது. கவசம் பனியைத் தள்ளிப்போடும், அடியோடு தடுக்காது. பத்து மணிக்கு வருவது பதினொன்றரைக்கு வரும். பள்ளி நிகழ்ச்சி பத்தரைக்கு முடிகிறதென்றால் அதுவே உங்களுக்குப் போதுமானதாக இருக்கலாம், அப்புறம் ஹீட்டரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முதலில் கவசத்தோடு ஒரு நிகழ்ச்சியை நடத்திப் பாருங்கள்.

கவசத்தோடு சேர்த்து, காசு செலவில்லாத சில பழக்கங்கள் இருக்கின்றன. தொலைநோக்கி உச்சிவானத்தைப் பார்க்கும்போதுதான் கண்ணாடி அதிகம் குளிர்கிறது. மார்கழியில் பதினொரு மணியளவில் ஓரியன் நமக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேல் வந்துவிடும். ஓரியன் நெபுலாவைக் காட்டி முடித்ததும், அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வரிசைக்கு வரும்வரை குழாயை அப்படியே மேலே பார்த்தபடி விடாதீர்கள். தரைக்கு இணையாகத் திருப்புங்கள், அல்லது மூடியைப் போட்டுவிடுங்கள். மூடி போட்டால் கண்ணாடி மூடியைத்தான் பார்க்கும், வானத்தைப் பார்க்காது. டீ குடிக்கிற நேரம், நட்சத்திரக் கூட்டங்களை வெறுங்கண்ணால் காட்டிப் பேசுகிற நேரம் எல்லாம் இப்படிச் செய்தால் கண்ணாடி வெளியில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும்.

இடமும் முக்கியம். பள்ளி மைதானம் என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் ஏரியோ, தண்ணீர் பாய்ச்சிய மொச்சைக் காடோ இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் சரிவிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பீடபூமி ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏற்கெனவே கிருஷ்ணகிரி நகரத்தைவிடக் குளிர். அதிலும் ஏரிக்கரையை ஒட்டிய புல்தரை என்றால் பனி இன்னும் வேகமாகப் பிடிப்பதை நீங்களே பார்க்கலாம். மைதானத்திலேயே புல் இல்லாத, சற்று மேடான மூலைக்கு மாறுங்கள். மொட்டைமாடி இதைவிட உலர்ந்த இடம். ஆனால் பகலில் சூடேறிய காங்கிரீட் முன்னிரவில் வெப்பத்தை விடும், வியாழனின் பட்டைகள் அலையடிக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் இருட்டில் பிள்ளைகளை ஏற்றுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

மேடு என்று சொன்னேன் என்பதற்காக ஊருக்கு வெளியே பாறைக்குன்றுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்விடாதீர்கள். ராகி அறுவடைக் காலத்தில் உங்கள் பக்கம் யானைக் கூட்டங்கள் நடமாடுவது உங்களுக்குத் தெரியும். எவ்வளவு நல்ல வானமாக இருந்தாலும் காட்டை ஒட்டிய இடம் வேண்டாம். பள்ளிக்குள்ளேயே பார்க்கலாம்.

ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லை பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் கூட்டம் பார்க்கும் தொலைநோக்கியில் அதுவும் மங்கும். நாற்பது பிள்ளைகள் வரிசையாகக் கண்ணை வைக்கிறார்கள். குளிருக்கு மஃப்ளரை வாயோடு சுற்றியிருக்கும் பிள்ளை மூச்சுவிட்டால் அந்த மூச்சு மேல்நோக்கிப் போய் நேராக ஐபீஸில் படும். பார்க்கும்போது மஃப்ளரை மோவாய்க்குக் கீழே இறக்கச் சொல்லுங்கள். இரண்டு ஐபீஸ் இருந்தால் ஒன்றை உங்கள் ஸ்வெட்டர் பையில் வைத்திருங்கள், உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே வந்தால் மங்காது. தொலைநோக்கியைக் குறிபார்த்துத் திருப்ப உதவும் சிவப்புப் புள்ளி ஃபைண்டருக்கு ஒரு பழைய சாக்ஸ் போதும், பயன்படுத்தாதபோது போட்டு மூடிவையுங்கள்.

சரி, ஹீட்டருக்கு வருகிறேன். நள்ளிரவு தாண்டியும் பார்ப்பதாக இருந்தால் இது வேண்டும். ஹீட்டர் என்றதும் பயங்கரமாக நினைக்க வேண்டாம். கண்ணாடியைக் காற்றைவிட ஒரு டிகிரி, இரண்டு டிகிரி மேலே நிறுத்தினால் போதும், பனி கிட்டவே வராது. தொட்டால் சூடு தெரியவே கூடாது. கை வைத்தால் சுடுகிறது என்றால் அது அதிகம், குழாய்க்குள் காற்று சுழன்று நட்சத்திரம் எல்லாம் துடிக்க ஆரம்பிக்கும். விற்பனைக்கு வரும் பட்டைகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அதை உங்கள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளே செய்துவிடலாம். நான் அவர்களை வைத்துச் செய்யுங்கள் என்றுதான் சொல்வேன், ஓம் விதியைக் கையில் பிடித்துப் பார்த்ததுபோல் ஆகும்.

330 ஓம் ரெசிஸ்டர்கள், அதாவது மின்தடைகள், 24 வாங்குங்கள். ஒரு வாட் தாங்கக்கூடியதாகக் கேளுங்கள், கால் வாட் ரெசிஸ்டர் கருகிவிடும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் சில்லறையாகக் கிடைக்கும், ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கேட்டுப் பாருங்கள். இரண்டு மெல்லிய செப்புக் கம்பிகளை இணையாக நீட்டி, அவற்றுக்கு நடுவே மூன்று சென்டிமீட்டருக்கு ஒன்றாக ரெசிஸ்டரைக் குறுக்கே வைத்துப் பற்றவைக்க வேண்டும். எல்லாம் பக்க இணைப்பு. 12 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றிலும் 144-ஐ 330-ஆல் வகுத்தது, அதாவது ஏறத்தாழ 0.44 வாட் வெப்பம். இருபத்து நான்குக்கும் சேர்த்துப் பத்தரை வாட், மின்னோட்டம் 0.9 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. நீளம் 72 சென்டிமீட்டர் வரும், எட்டு அங்குலக் குழாயைச் சுற்ற ஏறக்குறைய சரியாக இருக்கும். செய்வதற்கு முன் உங்கள் குழாயை அளந்து, இடைவெளியைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பற்றவைத்த இடங்கள் உலோகத்தில் படாதபடி முழுப் பட்டையையும் துணி டேப்பால் இரண்டு பக்கமும் மூடி, ஒரு நாடாத் துணிக்குள் தைத்துவிடுங்கள். முனையில் வெல்க்ரோ. பேட்டரியின் நேர்முனையிலிருந்து வரும் கம்பியில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். எல்.இ.டி. பட்டைக்கு விற்கும் 12 வோல்ட் டிம்மர் ஒன்றை நடுவில் வைத்தால் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் முடியும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இதற்குப் போதும். அந்த வகை பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் மூன்றரை ஆம்பியர்-மணி என்று கணக்கு வையுங்கள். முழுச் சூட்டில் நான்கு மணி நேரம் வரும், டிம்மரைப் பாதியில் வைத்தால் எட்டு மணி நேரம். தொலைநோக்கியின் மோட்டாரும் அதே பேட்டரியில் ஓடுகிறதென்றால் ஹீட்டருக்கு வேறு பேட்டரி வையுங்கள், நடுவில் மோட்டார் நின்றால் திரும்ப முதலிலிருந்து நட்சத்திரம் பிடித்துச் சீரமைக்க வேண்டிவரும்.

பட்டையைக் கட்டும் இடம், கரெக்டர் பிளேட்டைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தின் மேல், கண்ணாடிக்கு ஒட்டினாற்போல. அதன் மேல் பனிக்கவசத்தைச் சுற்றுங்கள். ஃபோம் வெளியே சூடு போகாமல் பிடித்துவைக்கும், மின்சாரமும் மிச்சமாகும். கவசம் இல்லாமல் வெறும் ஹீட்டரைக் கட்டினால் பேட்டரி வானத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

எப்போது போடுவது? தொலைநோக்கியை வெளியே வைத்து, அது காற்றின் வெப்பநிலைக்கு ஓரளவு இறங்கியதும் போட்டுவிடுங்கள். பனி தெரிந்த பிறகு போட்டால் தாமதம். பத்து வாட் சூடு, கண்ணாடி நனையாமல் பார்த்துக்கொள்ளும். ஏற்கெனவே முழுசாக நனைந்த கண்ணாடியைக் காயவைக்க அதற்கு அரைமணி, முக்கால் மணி நேரம் பிடிக்கும், அதற்குள் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வெப்பநிலையும் ஈரப்பதமும் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி ஒன்று மேசையில் இருந்தால் நல்லது. ஈரப்பதத்தை நூறிலிருந்து கழித்து, ஐந்தால் வகுத்து, அந்த எண்ணை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிப்புள்ளி தோராயமாகக் கிடைக்கும். காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிப்புள்ளி 14-க்குப் பக்கத்தில். இடைவெளி நான்கு டிகிரிதான். கண்ணாடி காற்றைவிட மூன்று, நான்கு டிகிரி கீழே போவது சாதாரணம், ஆகவே அப்போதே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஈரப்பதம் ஐம்பதுக்கு மேலே இருக்கும்வரை இந்தக் குறுக்குக் கணக்கு ஓரளவு சரியாக வரும், மாணவர்களிடமே கொடுத்துவிடுங்கள். அரைமணிக்கு ஒருமுறை ஒரு பிள்ளை கணக்குப் போட்டுக் கரும்பலகையில் எழுதட்டும்.

கருவி இல்லாவிட்டால் மேசையைத் தொட்டுப் பாருங்கள். நோட்டுப் புத்தகத்தின் தாள் விறைப்பு இழந்து தொய்ந்தால், அடுத்தது கண்ணாடிதான். சந்தேகம் வந்தால் சிவப்பு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து முன்கண்ணாடியைப் பாருங்கள். குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், உங்கள் மூச்சே பனியாகும்.

ஹேர் டிரையர் கேட்டிருந்தீர்கள். அவசரத்துக்கு உதவும், ஆனால் அதை நம்பி இரவை ஓட்ட முடியாது. கண்ணாடியைச் சூடாக்கி ஈரத்தை விரட்டினாலும் அது மறுபடி வானத்தைத்தான் பார்க்கப்போகிறது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் மீண்டும் அதே நிலை. துடைத்தபோது உங்களுக்கு நடந்ததும் இதுதான். பயன்படுத்தினால் குறைந்த சூட்டில், ஒரு முழம் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே காட்டுங்கள். பெயின்ட் உரிக்கும் ஹீட் கன் கிட்டவே வரக்கூடாது, குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும். எனக்கு இதில் பெரிய கவலை வேறு. 230 வோல்ட் டிரையரை எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி, நனைந்த புல்லில் வைத்து, சுற்றிலும் இருட்டில் பிள்ளைகள். மைதானத்தில் அந்தப் பெட்டியே வேண்டாம். எல்லாம் 12 வோல்ட் பேட்டரியோடு முடியட்டும்.

ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு ஆய்வகம் உங்கள் மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே ஒரு பெரிய கோபுரத்துக்குள் இருக்கிறது, கோபுரத்தின் கூரையில் ஒரு நீள்பிளவு வழியாகத்தான் வானத்தைப் பார்க்கும். வெல்ஸின் களிமண் குழாயைப் பெரிதாக்கினால் அந்தக் கோபுரம்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகும் வாய்ப்பு கிடைத்தால் இதைக் காட்டிச் சொல்லுங்கள்.

இப்போது நிகழ்ச்சி முடிந்த பிறகு செய்ய வேண்டியது. கருவிக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஈரமான கண்ணாடிக்கு மூடி போட்டு, பெட்டியில் வைத்து, ஆய்வகப் பீரோவில் பூட்டி, அடுத்த மாதம் திறக்கிறார்கள். அந்த ஒரு மாதம் பூஞ்சைக்குப் போதும். கண்ணாடியின் மேல் பூச்சைத் தின்று, சுத்தம் செய்த பிறகும் போகாத தடத்தை அது விட்டுவிடும். ஆகவே கண்ணாடி நனைந்திருந்தால் மூடாதீர்கள். உள்ளே கொண்டுபோய், தூசி விழாதபடி முன்பக்கத்தைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்து, அறையின் காற்றில் தானாகக் காயவிடுங்கள். வேண்டுமானால் மின்விசிறியை மெதுவாக ஓடவிடலாம். முழுக்கக் காய்ந்த பிறகுதான் மூடி.

நனையாமல் முடிந்த இரவில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். குளிர்ந்த தொலைநோக்கியை ஆட்கள் நிறைந்த வெதுவெதுப்பான அறைக்குள் திறந்தபடி கொண்டுவந்தால், அறைக் காற்றின் ஈரம் அதன் மேல் படியும். வெளியிலேயே மூடி போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு உள்ளே கொண்டுபோங்கள். காலையில் வந்து திறந்து பாருங்கள், அதுவரை தொடாதீர்கள். நனைந்ததா இல்லையா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், இதில் அவசரம் வேண்டாம்.

பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போடுங்கள். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாக மாறும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். நிறம் மாறியதும் சுமார் 120 டிகிரி சூட்டில் காயவைத்தால் மறுபடி பயன்படும். நீல வகையில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, நச்சுப்பொருள், பள்ளிக்கு வேண்டாம். போனை அரிசியில் போடுவதுபோல் ஐபீஸை அரிசியில் புதைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அரிசி மாவு திருகு மரை இடுக்கெல்லாம் போய் உட்காரும், பூஞ்சைக்கும் அதுவே தீனி.

கடைசியாக உங்கள் வட்டத் திட்டுகள். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எந்தக் கண்ணாடியும் அழுக்காகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். சில கறைகளும் ஓரிரண்டு மெல்லிய கோடுகளும் வியாழனை மங்க வைக்காது. காட்சியில் குறை தெரிந்தால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். பகலில், காய்ந்த கண்ணாடியில்தான் செய்ய வேண்டும். முதலில் ரப்பர் ஊதுகுழலால் தூசியை ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அப்புறம் ஒட்டகமயிர்ப் பிரஷ்ஷால் மெல்ல வருடிவிடுங்கள். அதற்குப் பிறகுதான் ஈரம். காய்ச்சி வடித்த நீரும் தூய ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் பாதிக்குப் பாதி கலந்து, மருந்துக்கடைப் பஞ்சில் நனைத்து, பஞ்சின் சொந்த எடையே போதும் என்கிற அளவுக்கு அழுத்தாமல், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்தது எடுங்கள். வட்டமாகச் சுற்றித் தேய்க்கக் கூடாது. திரவத்தை நேராகக் கண்ணாடியில் ஊற்றினால் விளிம்பு வழியாக உள்ளே இறங்கும், பஞ்சில் மட்டும் எடுங்கள். காயத்துக்குப் போடும் ஸ்பிரிட்டில் வேறு பொருள்கள் கலந்திருக்கலாம், ஜன்னல் துடைக்கும் திரவத்தில் அமோனியா இருக்கலாம், இரண்டும் வேண்டாம்.

உள்பக்கம் மங்கலாக இருக்கிறது என்று கரெக்டர் பிளேட்டைக் கழற்றிவிடாதீர்கள். அது தொழிற்சாலையில் குழாயின் பின்பக்கத்து முகம்பார்க்கும் வகைக் கண்ணாடியோடு சேர்த்து, ஒரு குறிப்பிட்ட திசையில் பொருத்தப்பட்டது. கொஞ்சம் திரும்பினாலும் படம் கெடும். சிலந்தி நூல்போல் கிளைவிட்டுப் பரவும் மெல்லிய கோடுகள் உள்ளே தெரிந்தால் அது பூஞ்சை. டார்ச்சைச் சாய்த்து அடித்து இரண்டு மூன்று கோணத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டு, கருவியைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டுமா என்று சொல்கிறேன். வட்டமாக மட்டும் இருந்தால் மேலே சொன்ன சுத்தத்தோடு விட்டுவிடலாம். இந்தச் சனிக்கிழமைக்குள் செய்ய வேண்டியது அந்தக் கவசம்தான். பாய், கத்தரிக்கோல், வெல்க்ரோ இருந்தால் மாலை வகுப்பில் ஒரு மணி நேர வேலை.